முக்கூர்த்தி வரையும் சுவாமிமலை வண்டலும்

எங்க ஊர் பேரிலே மலை இருக்கு, ஊரிலே மலை இல்லை. முதல் தடவை சுவாமிமலைக்கு வர்றவங்க பஸ் ஜன்னல் வழியா மலையைத் தேடிக்கிட்டே வந்து, கோயில் வாசல்ல இறங்கி "மலை எங்கேங்க?"ன்னு கேக்கிறது இங்கே ரொம்ப சகஜம். பூக்கடைக்காரங்க கோயிலைக் கைகாட்டுவாங்க. அறுபது படி ஏறினா சுவாமிநாதர் சன்னதி. பிரபவ தொடங்கி அட்சய வரைக்கும் படிக்கு ஒரு தமிழ் வருஷம்னு கணக்கு. மனுஷன் கட்டின மலை இது. கட்டுமலைன்னு சொல்றது. அறுபடை வீடுகள்ல நாலாவது.

கட்டினதுக்கு அவசியம் இருந்தது. காவிரிப் படுகையிலே எவ்வளவு தோண்டினாலும் களியும் மணலும்தான் வரும். எங்க பக்கம் ஒரு கருங்கல் துண்டு கிடந்தா அது யாரோ வெளியிலேர்ந்து கொண்டுவந்தது. தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கும் கல் திருச்சி, புதுக்கோட்டை பக்கத்துலேர்ந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க. ஆனா இன்னொரு விதத்துல பார்த்தா எங்க ஊருக்கு மலை தானாவே வந்திருக்கு. முழுசா வரலை, பொடியா வந்தது. அதுக்குப் பேர்தான் வண்டல். எங்க ஊர் ஸ்தபதிகள் மெழுகுல சிலை பிடிச்சு, அது மேல முதல் பூச்சா பூசுறது காவிரி வண்டலைத்தான். அது அவ்வளவு நைசா இருக்கறதாலதான் சாமியோட நகக்கண் வரைக்கும் அச்சுல விழுது. சுவாமிமலை பஞ்சலோகச் சிலைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதுலே இந்த மண்ணுக்கும் பங்கு உண்டு.

சரி, இந்த மண்ணும் தண்ணியும் எங்கேர்ந்து வருது? யாரைக் கேட்டாலும் "குடகு, தலைக்காவேரி"ம்பாங்க. சரிதான். ஆனா அது பாதிக் கதை. மீதிக் கதையிலே ஒரு பகுதி நீலகிரியிலே, முக்கூர்த்தின்னு ஒரு பாறை முகட்டுலே ஆரம்பிக்குது. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

ஊட்டிக்குப் போறவங்க பார்க்கிறது நீலகிரியோட கிழக்குப் பக்கமும் நடுப்பக்கமும். தேயிலை, பொட்டானிகல் கார்டன், படகு. மேற்கு ஓரம் வேற உலகம். அங்கே பீடபூமி அலை அலையா புல்வெளியாப் போய், திடீர்னு முடிஞ்சுடும். அந்த விளிம்புலே நிக்கிற கொடுமுடிதான் முக்கூர்த்தி, உயரம் 2,554 மீட்டர். கிழக்கே புல் சரிவு, ஏறலாம். மேற்கே செங்குத்துப் பாறை. கீழே கேரளாவோட நிலம்பூர் காடு. கோலாரிபெட்டா, நீலகிரிப் பீக் எல்லாம் இதே வரிசையிலே இருக்கு. இந்த ஓரம் முழுக்க இப்ப முக்கூர்த்தி தேசியப் பூங்கா, 78.46 சதுர கிலோமீட்டர்.

தமிழ்ல இந்த மாதிரி இடத்துக்கு அழகா ஒரு சொல் இருக்கு: வரை. மலைன்னும் அர்த்தம், எல்லைன்னும் அர்த்தம். அந்த வரையிலே வாழற ஆடுதான் வரையாடு. சங்கப் பாட்டுகள்ல வருடைன்னு வர்றதும் இதுதான்னு சொல்றாங்க. முக்கூர்த்திங்கற பேருக்கு பழைய கெஜட்டியர் எழுதினவங்க மூக்கறுந்த மலைன்னு பொருள் சொல்லி, ராவணன் தங்கச்சி கதையோட முடிச்சுப் போட்டிருக்காங்க. மேற்குப் பக்கம் வெட்டி எடுத்த மாதிரி இருக்கறதைப் பார்த்தா, கதை எப்படிப் பொறந்திருக்கும்னு புரியும்.

பாறையைப் பத்தியும் ஒரு சின்ன விஷயம். நீலகிரி பெரும்பாலும் சார்னோக்கைட்ங்கற ரொம்பப் பழைய பாறை, வயசு சுமார் 250 கோடி வருஷம். பேர் விசித்திரமா இருக்கா? கல்கத்தா நகரத்தை உண்டாக்கினவர்னு சொல்லப்படற ஜாப் சார்னக்கோட கல்லறைக் கல் இந்தப் பாறைதான். அந்தக் கல் போனது நம்ம சென்னைப் பக்கத்துலேர்ந்து. ஹாலண்ட்ங்கற புவியியலாளர் அதைப் பார்த்து அந்தப் பேரை வச்சார். பல்லாவரத்திலயும் அதே பாறை, முக்கூர்த்தியிலயும் அதே பாறை.

தோடர்களுக்கு முக்கூர்த்தி வெறும் மலை இல்லை. அவங்க இறந்தவங்க போற உலகம் மேற்கே இருக்கு. செத்தவங்களோட உயிரும், அவங்களுக்காக பலி கொடுத்த எருமையோட உயிரும் சேர்ந்து முக்கூர்த்தி முகட்டுலேர்ந்து அந்த உலகத்துக்குத் தாவும்னு பழைய வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வச்சிருக்காங்க. 1901-02இல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் மாசக்கணக்கா இங்கே தங்கி, 1906இல் தோடர்களைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டார். செத்தவங்க போற வழியைக்கூட அவர் விசாரிச்சு எழுதியிருக்கார். (இதே ரிவர்ஸ்தான் முதல் உலகப் போர்லே குண்டுச் சத்தத்துல மனசு உடைஞ்சுபோன சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர்.) நம்ம காலத்துலே ஊட்டியில பல் டாக்டரா இருக்கற தருண் சாப்ரா தோடர்களோடவே அந்த மலைகள்ல நடந்து நடந்து, 2015இல் அவங்க நிலப்பரப்பைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். இந்தப் புத்தகங்களைப் படிச்சா ஒண்ணு தெளிவாப் புரியும். அந்தப் புல்வெளியிலே தோடர்களுக்குப் பேர் இல்லாத குன்று இல்லை, ஓடை இல்லை. எந்த ஊத்துத் தண்ணியை எந்தக் கோயில் பால்மடத்துக்கு எடுக்கணும்ங்கறது வரைக்கும் கணக்கு இருக்கு. நம்ம ஊர்ல வாய்க்காலுக்கு வாய்க்கால், மதகுக்கு மதகு பேர் வச்சிருக்கற மாதிரிதான்.

அடுத்து வந்தவங்க கண்ணுக்கு அதே இடம் காலியாத் தெரிஞ்சது. இந்தக் கதையோட முள் இங்கேதான் இருக்கு.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறினார். 1821-22இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி நீலகிரியை சர்வே பண்ணினார். சல்லிவனாவது, நிலம் தோடர்களோடதுன்னு கடைசி வரை வாதாடினவர். பின்னால வந்தவங்க அப்படி இல்லை. மரம் இல்லாத நிலம்னா தரிசு, தரிசுன்னா சர்க்கார் நிலம். 1830கள், 40கள்லயே ஆஸ்திரேலியாவுலேர்ந்து சீகை மரமும் (வாட்டில்) தைல மரமும் வந்து இறங்கியாச்சு. வெள்ளைக்காரனுக்குக் குளிருக்கு விறகு வேணும், அப்புறம் ஸ்லீப்பர் கட்டை, கூடாரக் கம்பு. காரணம் ஒவ்வொரு காலத்துக்கும் ஒண்ணு.

சுதந்திரம் வந்ததும் இது நின்னுதான்னு கேட்டா, நிக்கலை. உண்மையைச் சொன்னா, பெரிய அளவுல புல்வெளி போனது அதுக்கு அப்புறம்தான். தோல் பதனிட சீகைப் பட்டை வேணும், ரேயான் கூழுக்கு தைல மரம் வேணும்னு 1950களுக்குப் பிறகு நம்ம வனத்துறையே புல்லைக் கொத்தி மரம் நட்டது. பனிக்காலம் முடிஞ்சதும் தோடர்கள் புல்லை அங்கங்கே எரிக்கிற வழக்கத்தையும் தடுத்தாங்க. அதிகாரிகள் கெட்டவங்கன்னு நான் சொல்லலை. மரம் நட்டா நல்லது, மரம் இருந்தா மழை வரும்னு பள்ளிக்கூடத்துல நாம படிச்ச பாடம்தான் அவங்களும் படிச்சது.

மரம்னா நல்லதுதானே, அதுல என்ன தப்புன்னு கேக்கலாம். அதுக்கு ரெண்டு பதில் இருக்கு, ரெண்டும் நீலகிரியிலயே கிடைச்சது.

ஒண்ணு, தண்ணீர். மண் மற்றும் நீர்வள ஆராய்ச்சிக்காரங்க பைக்காரா பக்கத்துல கிளென்மார்கன்லே பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்பை எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணை அப்படியே விட்டுட்டு, இன்னொண்ணுல 1972இல் தைல மரம் நட்டு, ஓடையிலே வர்ற தண்ணியை வருஷக்கணக்கா அளந்தாங்க. முதல் பத்து வருஷத்துலே, மரம் நட்ட பக்கம் தண்ணி வரத்து சுமார் 16 சதவீதம் குறைஞ்சது. காரணம் சிம்பிள். சோலையும் புல்லும் மழையையும் பனியையும் ஸ்பாஞ்சு மாதிரி வாங்கி வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விடும். வேகமா வளர்ற தைல மரம் அதைத் தானே குடிச்சுடும்.

ரெண்டாவது, வயசு. ஒரு காலத்துலே எல்லாம் காடா இருந்தது, மனுஷன் வெட்டினதாலதான் புல்வெளி ஆச்சுன்னு ஒரு நினைப்பு இருந்தது. 1993இல் சுகுமார் முதலிய இந்திய விஞ்ஞானிகள் நீலகிரி சதுப்புல படிஞ்ச கரி மண்ணைத் துளைச்சு எடுத்து, அதுல உள்ள கார்பனை வச்சு பழைய காலத் தாவரத்தைக் கணிச்சாங்க. 'நேச்சர்' இதழ்ல வந்தது. இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாலயே அங்கே புல்வெளி இருந்திருக்கு. கோடாலி பிடிக்க ஆள் வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடி. தரிசுன்னு எழுதி வச்ச நிலம் கல்லணையைவிட பத்து மடங்கு பழசு!

இப்ப தண்ணி எப்படி எங்க ஊருக்கு வருதுன்னு பார்ப்போம். முக்கூர்த்தி முகட்டுக்கு மேற்கே விழற மழை நிலம்பூர்ல இறங்கி, சாலியாறா அரபிக்கடலுக்குப் போயிடும். ஒரு அடி கிழக்கே விழுந்தா வேற விதி. அது முக்கூர்த்தி ஓடை, பைக்காரா, மோயாறு, அப்புறம் பவானிசாகர். (சினிமாப் பாட்டுல புல்தரை மேல நாயகனும் நாயகியும் உருண்டு வர்ற அந்தப் பைக்காராதான்.) பூங்காவோட தென்கோடியிலே பவானி ஆறு பொறக்குது. அது முதல்ல கேரளாவோட அட்டப்பாடிக்குப் போய், மனசு மாறின மாதிரி கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்குள்ள வரும். ரெண்டும் பவானிசாகர்ல சேர்ந்து, கூடுதுறையிலே காவிரியோட கலக்குது. கவனிங்க, கூடுதுறை மேட்டூருக்குக் கீழே. அதாவது இந்தத் தண்ணி மேட்டூர் அணையைப் பார்க்கிறதே இல்லை.

நடுவுல மின்சாரக் கதையும் உண்டு. பைக்காரா மின்நிலையம் 1932இல் ஓட ஆரம்பிச்சது, மேட்டூர் அணை முடியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. முக்கூர்த்தி அணை 1938. அப்புறம் கனடா நாட்டு உதவியோட குந்தா திட்டம், 1960கள்ல மேல்பவானி அணை. எங்க சித்தப்பா ஒருத்தர் மின்வாரியத்துல சேர்ந்து குந்தாவுல பல வருஷம் இருந்தார். பொங்கலுக்கு வரும்போதெல்லாம், "நீங்க வயலுக்குப் பாய்ச்சுற தண்ணி நாங்க டர்பைன்ல சுத்தவிட்டு அனுப்பினதுடா"ம்பார். நாங்க சிரிப்போம். கணக்குப்படி அவர் சொன்னதுல தப்பே இல்லை :-)

இதுல மிகைப்படுத்தவும் கூடாது. பவானித் தண்ணியை முதல்ல எடுக்கறது ஈரோட்டுப் பக்கம். 13ஆம் நூற்றாண்டுல வெட்டின காலிங்கராயன் வாய்க்கால் இருக்கு, 1955இல் முடிஞ்ச பவானிசாகர் அணையோட கால்வாய் இருக்கு. கோயம்புத்தூருக்குக் குடிதண்ணி இருக்கு. மிச்சம்தான் கூடுதுறையைத் தாண்டி கல்லணைக்கு வரும். வறட்சி வருஷத்துல அந்த மிச்சம் ரொம்பச் சின்னது. இருந்தாலும் ஒரு கணக்கைப் பாருங்க. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16ஆம் தேதி தீர்ப்பு சொல்லிச்சு. தமிழ்நாட்டுக்குக் காவிரியிலே 404.25 டிஎம்சி. அதுல கர்நாடகா பிலிகுண்டுலுவுல கொடுக்க வேண்டியது 177.25 டிஎம்சி. கழிச்சா மிச்சம் 227. அந்த 227 டிஎம்சி எல்லைக்கு இந்தப் பக்கம் பெய்யற மழையிலேர்ந்து வரணும். பவானி, அமராவதி, நொய்யல், டெல்டாவுல பெய்யற ஐப்பசி மழை எல்லாம் சேர்த்து. பாதிக்கு மேல!

எங்க பக்கம் டீக்கடையிலே வருஷா வருஷம் பேச்சு ஒண்ணுதான். ஜூன் 12 மேட்டூர் திறப்பானா, மாட்டானா? 2024இல் அந்தத் தேதிக்குத் திறக்கலை, ஜூலை 28தான் திறந்தாங்க. குறுவை போட்டவங்க போர் தண்ணியை நம்பினாங்க, போர் இல்லாதவங்க நிலத்தைச் சும்மா போட்டாங்க. கர்நாடகா மேல கோபம் வர்றது நியாயம்தான். ஆனா நம்ம பங்குல பாதிக்கு மேல பொறக்கற இடத்தைப் பத்தி எந்த விவசாயிகள் கூட்டத்துலயும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. 177க்கு உண்ணாவிரதம் இருக்கோம். 227 என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கறதில்லை.

அந்த விளிம்புல மழை எப்படிப் பெய்யும்னு 2019 ஆகஸ்ட்லே பார்த்தோம். பூங்காவை ஒட்டின அவலாஞ்சியிலே ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சு. எங்க பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யறதே சுமார் நூறு சென்டிமீட்டர்தான். பவானியிலே வெள்ளம் வந்தது. அதே நாட்கள்ல வரைக்கு மேற்கே, நிலம்பூர் பக்கம் கவளப்பாறையிலே மலை சரிஞ்சு ஐம்பதுக்கும் மேற்பட்டவங்க மண்ணுக்குள்ள போனாங்க. அப்படிப் பெய்யற மழையை வாங்கிப் பிடிச்சு, நிதானமா அனுப்ப மேலே என்ன இருக்குங்கறது ஆத்தோரத்துல இருக்கற நமக்கும் சேர்ந்த கேள்வி.

நல்ல செய்தியும் இருக்கு. முக்கூர்த்தி தப்பிச்சது தண்ணிக்காக இல்லை, ஆட்டுக்காக. வேட்டையாடியே வரையாட்டைத் தீர்த்துடுவோம்னு பயந்து வெள்ளைக்காரங்களே 1877இல் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, 1879இல் வேட்டைக்கு சட்டம் வந்தது. ஈ.ஆர்.சி. தாவீதார் 1975இல் வரையாட்டைப் பத்தி ஆய்வு பண்ணினார். 1982இல் முக்கூர்த்தி சரணாலயம் ஆச்சு, 1990இல் தேசியப் பூங்கா. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு யுனெஸ்கோ கொடுத்த பட்டியல்லயும் இடம் கிடைச்சது. 2022இல் தமிழ்நாடு அரசு 25 கோடி ரூபாய்ல வரையாட்டுத் திட்டம் அறிவிச்சது. தாவீதார் நினைவா அக்டோபர் 7 வரையாடு தினம். கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 2024இல் 1,031 வரையாடு, 2025இல் 1,303. அந்த ஆட்டுக்கு வேணும்கறது ரெண்டே ரெண்டு, ஓடி ஒளியப் பாறை, மேயப் புல். அதனாலதான் இப்ப சீகை மரத்தைப் பிடுங்கிட்டு மறுபடி புல் வைக்கிற வேலை நடக்குது.

அது லேசான வேலை இல்லை. சீகை விதை மண்ணுக்குள்ள பல வருஷம் தூங்கும். மரத்தை வெட்டினா வெளிச்சம் பட்டு ஆயிரக்கணக்குல முளைக்கும். அவசரப்பட்டு எல்லாத்தையும் ஒரே நேரத்துல வெட்டினா மண் அரிப்பு. சொந்தப் புல்லை நாத்து விட்டு, குத்துக் குத்தா நடணும். நாத்து விட்டு நடறதுன்னா என்னன்னு டெல்டாக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த வேலையிலே தோடர்களோட அறிவையும் சேர்த்துக்கணும்ங்கறது என் எண்ணம். எந்த ஊத்துக்கிட்ட எந்தப் புல் இருந்ததுன்னு தெரிஞ்சவங்க அவங்கதான். காட்டைக் காப்பாத்தறோம்னு சொல்லி அவங்களையும் எருமையையும் வெளியிலே நிறுத்தறது, முன்னே காலி நிலம்னு எழுதினதோட இன்னொரு பதிப்புதான்.

முக்கூர்த்திக்குப் போகணும்னு ஆசை வந்தா வனத்துறை அனுமதி வேணும், நினைச்சதும் போயிட முடியாது. போக முடியாததும் நல்லதுக்குத்தான். நமக்கு வேலை இங்கேயே இருக்கு. அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல, உரம், கொள்முதல் நிலையம், மேட்டூர் நீர்மட்டம் எல்லாம் பேசி முடிச்சப்புறம், இன்னொரு கேள்வியும் மனுவாக் கொடுக்கலாம்னு இருக்கேன். "முக்கூர்த்தியிலே இந்த வருஷம் எத்தனை ஏக்கர் புல் திரும்ப வந்திருக்கு?" கலெக்டர் முதல்ல கொஞ்சம் முழிப்பார். பக்கத்துல உக்காந்திருக்கற மிராசுதார் பெரியப்பாவும் முழிப்பார். பரவாயில்லை. ரெண்டு பேருக்கும் 227ங்கற எண்ணைச் சொல்லிப் புரிய வச்சுக்கலாம்.